கட்டடமே கட்டாமல் மாரித்தாய் ஜெயித்த ஆட்டம்

1

இந்தக் கதை ஒரு ஒற்றெழுத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வரும் படையெடுப்புகளை எல்லாம் நானே இட்டுக்கட்டியதாக நினைத்துவிடுவீர்கள்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. வருடத்தில் பாதி நாள் நாள்காட்டி, மீதி நாள் பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள். நாள்காட்டியில் நல்ல நேரம் கால் மணி தப்பிப்போனால் நாலு மாவட்டத்திலிருந்து போன் வரும். லேபிளில் எழுத்து தப்பிப்போனால் ஒருவரும் கேட்பதில்லை. கிழித்துப் போட்டுவிட்டுக் கொளுத்தப் போய்விடுகிறார்கள்.

போன ஆடியில் ஒரு லேபிள் வந்தது. கையில் ஈட்டியோடு குதிரைமேல் ஒரு பெண். கீழே 'படைதலைவி' என்று கொட்டை எழுத்து. நடுவில் ஒரு 'த்' விட்டுப்போயிருந்தது. ஆர்டர் கொடுத்த முதலாளிக்குப் போன் போட்டு, சேர்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் பெயர் தனுஷ்கோடி. தாயில்பட்டிப் பக்கம் ஆலை வைத்திருப்பவர்.

"அவளுக்கு என்னென்னமோ குடுத்தாச்சு. ஒரு எழுத்துக் குடுக்க மாட்டனா? சேத்துக்கோங்க" என்றார்.

அதோடு போனை வைத்திருக்கலாம். யாருக்கு என்று கேட்டுவிட்டேன். நாற்பது நிமிடம் பேசினார்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: 'தாயில்பட்டிக் கரிசலின்மேல் வெயில்' – இதற்குமேல் போகவில்லை. வெயிலை எதனோடாவது ஒப்பிட வேண்டும் என்று கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் மற்றதைத்தான் வெயிலோடு ஒப்பிடுவது வழக்கம். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: 'கிறிஸ்து பிறப்பதற்கு நாலாயிரம் வருடங்களுக்கு முன்னால் மாரித்தாய் ஒரு ஊரை உண்டாக்கினாள்.' இது உண்மை. ஆனால் இதை நம்ப வைக்க அடுத்த மூன்று பக்கங்கள் செலவாகும்.

மூன்றாவது: 'எட்டாம் நம்பர் ரூமில் ஆறு பேர் இருந்தார்கள்.' இதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

எட்டாம் நம்பர் ரூமில் ஆறு பேர் இருந்தார்கள். இருக்க வேண்டியவர்கள் நாலு பேர்.

பட்டாசு ஆலையைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பெரிய கட்டடம் என்று எதுவும் இராது. முள்ளும் கரிசலுமான காட்டில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பிக்க வேண்டும் என்பதற்காக விட்ட தூரம் அது. வெடிமருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்குமேல் உட்காரக் கூடாது என்பதும் அதே யோசனைதான். போனால் நாலோடு போகட்டும்.

வைகாசியில் ஆய்வுக்கு வந்தவர்கள் எட்டாம் நம்பர் ரூமின் வாசலில் நின்று தலைகளை எண்ணினார்கள். ஐந்தாவது தலை பொன்னுத்தங்கம். ஆறாவது சின்னத்தாய். லைசென்ஸை நிறுத்திவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நூற்று நாற்பது பேருக்கு வேலை இல்லாமல் போனது.

அந்த அறைகளுக்குப் பொறுப்பு மாரித்தாய். ஐம்பத்து மூன்று வயது, அந்த ஆலையில் இருபது வருடம். ஆறு பேரை உட்கார வைக்கச் சொன்னது அவள் இல்லை, முதலாளி. வடக்கேயிருந்து ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. "ஆனா வேண்டாம்னு நான் சொல்லலையே" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆலை மூடியிருந்த நாட்களில் மாரித்தாய் தினமும் காலையில் ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் ஏறி வருவாள். ஆபீஸ் வாசலில் நின்று, எப்போது திறப்பீர்கள் என்று கேட்பாள். தெரியாது என்பார் தனுஷ்கோடி. அறுபத்தொரு வயதில் முதல்முறையாக அவருக்கு வேலை எதுவும் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகள் ரோஷினி போன பொங்கலுக்கு வந்தபோது ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்திருந்தாள். அதை ஆடிக்கொண்டிருந்தார்.

எட்டாவது நாள், "சும்மா நிக்கிறதுக்கு இங்கன வந்து நீயும் ஒரு கை ஆடு" என்றார்.

4

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். (பெயரைச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை, "அந்த ராசா வெளையாட்டு" என்றார்.) ஆளுக்கு ஒரு நாடு. ஒரே கம்ப்யூட்டரில் முறை மாற்றி முறை ஆடலாம். ஒருவர் தன் முறையை முடித்து எழுந்தால் மற்றவர் உட்கார வேண்டும். ஒரு ஊர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும்: ஒன்று கட்டடம், இல்லாவிட்டால் படை. எதிராளியின் ஊர்களை எல்லாம் பிடித்தால் ஜெயம். யாரும் யாரையும் பிடிக்காவிட்டால், கடைசியில் எந்த நாடு சிறப்பாக இருக்கிறதென்று மதிப்பெண் போடும்.

தனுஷ்கோடி மதிப்பெண்ணுக்கு ஆடுகிறவர். தானியக் கிடங்கு, கோயில், சந்தை, நூலகம், சுற்றுமதில் என்று கட்டிக்கொண்டே போவார். தன் ஊர்களுக்கு, பட்டாசு ஆர்டர் கொடுக்கும் ஊர்களின் பெயரையே வைத்திருந்தார். பாட்னா, கான்பூர், இந்தூர் என்று ஒன்பது ஊர்கள். ஆட்டத்தில் இந்தூர் கடற்கரையில் இருந்தது. அங்கே ஒரு கலங்கரை விளக்கம் கட்டிக்கொண்டிருந்தார்.

மாரித்தாய்க்கு ஒரே ஒரு ஊர், ஏழாயிரம்பண்ணை. அதில் ஒரு கட்டடம்கூட இல்லை.

நாற்காலி ஒன்றுதான் இருந்தது. முதலாளி எழுந்த நாற்காலியில் அவள் உட்காரவில்லை. மூன்று நாட்கள் நின்றுகொண்டே ஆடினாள். குனிந்து குனிந்து மவுஸைப் பிடித்ததில் ஒரு குதிரைப்படையை, இறங்க வழியில்லாத மலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். தனுஷ்கோடிக்குக் குதிரைமேல் இரக்கம் வந்து, அடுத்த அறையிலிருந்து ஒரு நாற்காலியை அவரே தூக்கிவந்து போட்டார். அதற்குப் பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாண்டார்கள்.

5

தானியக் கிடங்காவது கட்டு என்று தினமும் சொல்லிப் பார்த்திருக்கிறார். கிடங்கு இருந்தால் சனம் பெருகும், கோயில் இருந்தால் சனம் சண்டை போடாது என்று புத்தகத்தில் இருப்பதை எல்லாம் விளக்கியிருக்கிறார். அவள் கேட்டுக்கொண்டு இன்னொரு ஈட்டிப்படையைச் செய்யச் சொல்லுவாள்.

ஏன் என்று ஒருநாள் கேட்டார்.

"கட்டடம் கட்டுனா அதுக்குள்ள ஆளப் போடணும் மொதலாளி. ஏதாச்சும் ஒண்ணுன்னா கட்டடம் ஓடாது. ஆளுன்னா ஓடும்."

[இந்த வரியை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் வெட்டியிருப்பேன். கதை எழுதுகிறவன் கதாபாத்திரத்தின் வாயில் திணித்த வரி மாதிரி இருக்கிறது. ஆனால் தனுஷ்கோடி போனில் இதை மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் ஒரு சொல்கூட மாறவில்லை.]

படைகளுக்குப் பெயர் வைக்கலாம் என்று தெரிந்ததும் தன் அறைகளில் வேலை பார்க்கும் பெண்களின் பெயரைச் சொன்னாள். அவர் தட்டினார். செல்லக்கனி ஈட்டிப்படை. பாண்டிலட்சுமி வில்படை. பொன்னுத்தங்கமும் சின்னத்தாயும் குதிரைப்படை. ஊரில் இந்தச் செய்தி பரவியபோது, தனக்கு ஏன் குதிரை இல்லை என்று செல்லக்கனி கோபித்துக்கொண்டதாகக் கேள்வி.

6

ஆறு படைகள் சேர்ந்ததும் பாட்னாவுக்குக் கிளம்பினாள். ஆறையும் ஒரே கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திக் கூட்டிப்போனாள். பாட்னாவில் மதில் இருந்தது, நூலகம் இருந்தது, காவலுக்கு ஒரே ஒரு வில்படை இருந்தது. தனுஷ்கோடி தன் முறையில் அந்த வில்படையை வெளியே அனுப்பி அடித்தார். செல்லக்கனி தோற்றாள். திரையில் அந்தக் கட்டமே காலியானது.

மாரித்தாய் சுற்றுமுற்றும் தேடினாள். மற்ற ஐந்து பேர் எங்கே என்று கேட்டாள். இந்த ஆட்டத்தில் அப்படித்தான் என்று அவர் விளக்கினார். ஒரே கட்டத்தில் எத்தனை பேர் நின்றாலும், ஒருத்தி விழுந்தால் அத்தனை பேரும் விழுவார்கள்.

அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் எட்டாம் நம்பர் ரூம் தெரியும். பிறகு பையை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வந்ததும் சொன்னாள்: "நான் ஜெயிச்சா ரூமுக்கு நாலு பேருதான் மொதலாளி. சீசன்லயும் நாலு பேருதான். எழுதித் தாங்க."

தனுஷ்கோடி சிரித்துவிட்டார். அவரிடம் ஒன்பது ஊர்கள், அவளிடம் ஒரு ஊரும் மலை உச்சியில் ஒரு குதிரையும். சுவரிலிருந்த நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மாரித்தாய் எனக்குக் காட்டினாள். எங்கள் அச்சகத்துத் தாள். முன்பக்கம் 'பொறுமை கடலினும் பெரிது' என்று இருந்தது. நான் மெய்ப்புப் பார்த்த பொன்மொழி.

7

இந்த இடத்தில் எனக்கு மாரித்தாய்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பக்கத்துக்குப் பக்கம் அவள் ஞானியாகிக்கொண்டே வந்தாள். பேசினால் பொருள் இருந்தது, பேசாவிட்டால் இன்னும் அதிகப் பொருள் இருந்தது. நான் பார்த்த மனிதர்கள் யாரும் இப்படி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன்.

ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் என் கேள்விகளைக் கேட்டேன். கட்டடம் என்பது முதலாளியின் உலகம், படை என்பது உழைப்பவர்களின் உலகம் என்று நினைத்துத்தான் ஆடினாளா என்று கேட்டேன். (இப்படிக் கேட்டதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.)

"அப்படியெல்லாம் இல்ல" என்றாள். "படைன்னா நகத்தலாம்லா. எனக்கு நகத்துறது பிடிச்சிருந்துச்சு. கட்டடத்தக் கட்டிட்டு என்ன செய்ய? பாத்துக்கிட்டு இருக்கணும். அது மொதலாளிக்குச் சரி."

பிறகு, சாப்பிட்டீகளா என்று கேட்டாள். இல்லை என்றதும், பொறுக்கின அரிசியில் ஒரு படி எடுத்து உலை வைக்கப் போனாள். நான் அவளை மறுபடி நம்ப ஆரம்பித்தேன்.

8

இரண்டாவது படையெடுப்புக்குப் பதினெட்டு நாட்கள் ஆயின. ஒரே ஊரை வைத்துக்கொண்டு மெதுமெதுவாகப் படை சேர்த்தாள். செத்துப்போன ஆறு பேருக்கும் அதே பெயரில் மறுபடி படை எடுத்தாள். இந்தத் தடவை ஒரு கட்டத்துக்கு ஒரு படைதான். இரண்டு படைகளுக்கு நடுவில் ஒரு கட்டம் காலி.

தனுஷ்கோடி ஒரு முறையை முடித்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது என்னவென்று அவருக்குப் பிடிபட்டிருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் அவரே அளந்து முளையடித்த ஆலை வரைபடம். அறைக்கு அறை தூரம் விட்டு, அவருடைய ஆலையே அவரைப் பார்த்து நகர்ந்து வந்துகொண்டிருந்தது. "எந்திரிச்சுப் போயி ஜன்னல்ல நிஜ ஆலைய ஒருவாட்டி பாத்துட்டு வந்தேன் சார்" என்றார் போனில்.

முதலில் கான்பூர் விழுந்தது. அங்கே கிடங்கு, சந்தை, நூலகம், கோயில், குளியல் மண்டபம் எல்லாம் இருந்தன. காவலுக்கு இருந்தது, ஆட்டத்தின் மூன்றாம் முறையில் அவர் செய்து மறந்துபோன ஒரு ஈட்டிப்படை. உள்ளே போன மாரித்தாய், கட்டடங்களை விற்கலாம் என்று ஆட்டம் காட்டிய பொத்தானைப் பார்த்தாள். முறைக்கு ஒன்றாகக் கிடங்கை விற்றாள், சந்தையை விற்றாள், நூலகத்தையும் குளியல் மண்டபத்தையும் விற்றாள். கோயிலை மட்டும் விட்டுவிட்டாள். வந்த பொன்னில் குதிரைகள் வாங்கினாள்.

நூலகம் விற்றதுதான் தனுஷ்கோடிக்கு ஆறவில்லை. பதினோரு முறை காத்திருந்து கட்டியதாம். பாட்னாவைக் காக்க இந்தூரில் அவசரமாக ஒரு குதிரைப்படை செய்யலாம் என்று உட்கார்ந்தார். செய்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் கலங்கரை விளக்கம் முடிய இன்னும் இரண்டு முறைதான் பாக்கி என்று ஆட்டம் காட்டியது. மனசு கேட்கவில்லை. கலங்கரை விளக்கத்தையே முடித்தார். அதன் ஒளி கடலில் சுழல்வதைத் திரை காட்டியது. அதே நேரத்தில் பாட்னா போனது.

[இங்கே அவரை முட்டாளாக எழுதிவிட்டேனோ என்று மூன்று நாள் தயங்கினேன். இல்லை. நீங்களும் நானும் கட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் நினைத்துப் பாருங்கள். காவலுக்கு யார் நிற்கிறார்கள்?]

(மேலே உள்ள அடைப்பை வெட்டும்படி என் மனைவி யோகேஸ்வரி சொன்னாள். பொன்மொழி வாடை அடிக்கிறதாம். அடிக்கட்டும்.)

9

நாற்பத்து நாலாவது நாள் லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. மறுநாள் காலையில் மூன்று வேன்களில், இரண்டு நடையாக, நூற்று நாற்பது பேரும் வந்து இறங்கினார்கள். அதற்குள் ஆட்டத்தில் மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாக விழுந்து, தனுஷ்கோடிக்கு இந்தூர் மட்டும் மிச்சம் இருந்தது.

தீபாவளி முடிந்து மிச்சத்தை ஆடிக்கொள்ளலாம் என்றார் தனுஷ்கோடி. அறைச் சாவிகள் மாரித்தாயின் இடுப்பில் இருந்தன. முடித்துவிட்டே போவோம் என்றாள். அவளைத் தள்ளிவிட்டுச் சாவியை வாங்க அவருக்கும் கை வரவில்லை. இரண்டு நாற்காலிகளிலும் இருவரும் உட்கார்ந்தார்கள்.

ஆட்கள் ஜன்னலில் மொய்த்துவிட்டார்கள். லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர்கூட இறங்கிவந்து யோசனை சொன்னார். மதிலுக்குமேல் இருந்த காவல் படை மாரித்தாயின் படைகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பொன்னுத்தங்கம் விழுந்தபோது ஜன்னலுக்கு வெளியே நின்ற பொன்னுத்தங்கம், "நான் போயிட்டேன்" என்று எல்லோருக்கும் அறிவித்தாள்.

அப்போது சின்னத்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். முப்பத்தைந்து வயது. புருஷன் இல்லை. பெண் பிரீத்திகா பன்னிரண்டாம் வகுப்பு. வைகாசியில் எண்ணியபோது ஆறாவதாக இருந்தவள் அவள்தான்.

"யக்கா, தோத்துட்டு வாங்க" என்றாள். "ரூமுக்கு நாலு பேருன்னா எனக்கு எடம் எங்க இருக்கு?"

மாரித்தாய் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருந்தது என்று எனக்கும் தெரியவில்லை. பல வசனங்கள் எழுதிப் பார்த்தேன். 'உன் உயிருக்காகத்தான்' – சீ. 'உனக்கு வேற எடம்' – அப்போது அப்படி ஒரு இடம் இல்லை. அவள் பேசாதிருந்ததையே வைத்துக்கொள்கிறேன்.

சின்னத்தாய் போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மாரித்தாயிடம் அப்போது ஒரே ஒரு படைதான் மிச்சம். பெயரைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள் என்கிறார் தனுஷ்கோடி. அந்தப் பெயரை நான் மாற்றிவிடலாம் என்றுகூட நினைத்தேன், நம்ப மாட்டீர்கள் என்று. மாற்றவில்லை. குதிரைப்படை சின்னத்தாய் இந்தூர் மதிலை அடித்தது, ஜெயித்தது, உள்ளே போனது. கம்ப்யூட்டரில் ஊதுகுழல் ஊதியது. மணி பதினொன்று நாற்பது.

10

தனுஷ்கோடி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று மதியமே பெயின்டர் ஒச்சப்பனைக் கூப்பிட்டு, எல்லா அறை வாசலிலும் 'நான்கு பேர் மட்டும்' என்று சிவப்பில் எழுதச் சொன்னார்.

ஒச்சப்பன் எட்டாம் நம்பர் ரூமுக்குப் போய்ச் சுவரை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அங்கே ஏற்கெனவே அதுதான் எழுதியிருக்கிறது என்றார். சிவப்பில்தான். எல்லா வாசலிலும். ஆலை திறந்த வருடத்தில், சட்டப்படி எழுத வேண்டும் என்பதற்காக எழுதியது.

முதலாளியும் மாரித்தாயும் போய்ப் பார்த்தார்கள். நாலாயிரம் வருடச் சண்டை போட்டு அவள் ஜெயித்தது, இருபது வருடமாகச் சுவரிலேயே இருந்திருக்கிறது. ஒச்சப்பன் டப்பாவைத் திறக்கவா வேண்டாமா என்று கேட்டார்.

"கீழ இன்னொரு தடவ எழுதுங்கண்ணே" என்றாள் மாரித்தாய்.

இப்போது ஒவ்வொரு வாசலிலும் இரண்டு தடவை இருக்கிறது.

11

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

ஒன்று: ஆவணியில் ஒரு அறை வெடிக்கிறது. உள்ளே நாலு பேர்தான். மற்றவர்கள் தப்பித்தார்கள், மாரித்தாய் செய்தது சரி என்று ஊர் ஒத்துக்கொள்கிறது. எழுதினால் நன்றாகவே வரும். ஆனால் அவள் சரி என்று காட்டுவதற்காக நான் நாலு பேரைக் கொல்ல வேண்டும். மாட்டேன். அப்படி எதுவும் நடக்கவும் இல்லை.

இரண்டு: சீசன் நெருக்கியதும் முதலாளி வாக்குத் தவறுகிறார். இதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் தவறவில்லை. நிஜ பாட்னாவின் ஆர்டரில் பாதியை விட்டுக்கொடுத்தார். இடம் இல்லாமல் போனவர்களுக்காக இன்னும் ஆறு அறைகள் வேண்டும் என்று அவரிடம் வந்து கேட்டது மாரித்தாய்தான். கட்டடமே கட்டாமல் ஜெயித்தவள் கட்டடம் கேட்டு நின்றாள். தனுஷ்கோடிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்றே ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்து, அறைக்கு இரண்டு கதவு, வெளிப்பக்கம் திறப்பதாக, அவரே வரைந்தார். விண்ணப்பம் போயிருக்கிறது. அனுமதி இன்னும் வரவில்லை. நான் நினைத்தால் அந்த ஆறு அறைகளையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடலாம். கதையில் கட்டின அறைக்குள் உட்கார்ந்து யாரும் மருந்து செலுத்த முடியாது.

மூன்று: சின்னத்தாய். அவளையும் இன்னும் பதினெட்டுப் பேரையும் பெட்டி ஒட்டும் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆபத்து இல்லாத வேலை, கூலியும் குறைவு. படைத்தலைவி லேபிளை ஒட்டுவது அவள்தான். வேனில் முன்பு மாரித்தாய்க்குப் பக்கத்தில் உட்காருவாள். இப்போது பின்னால் போய்விடுகிறாள். மாரித்தாய் இரண்டு தடவை வீட்டுக்குப் போயிருக்கிறாள். பிரீத்திகாதான் வாசலுக்கு வந்து, அம்மா இல்லை என்று சொன்னாள். அம்மா உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் வெளியே கேட்டதாம்.

இந்த மூன்றாவதை நான் எழுதியும் விட்டேன். கார்த்திகையில், வேன் பழுதாகி நிற்கிற ஒரு காலையில் இருவரும் ரோட்டோரம் நிற்கிறார்கள், சின்னத்தாய் முதலில் பேசுகிறாள் என்று ஒன்றரைப் பக்கம். படிப்பவர்கள் அழுவார்கள் என்று எனக்கே தெரிந்தது. அனுப்புவதற்குமுன் சின்னத்தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். ஒட்டிய பெட்டிகளைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். பசைக் கையைச் சேலையில் துடைக்காமல் தள்ளிப் பிடித்தபடி நான் படித்ததை முழுக்கக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா நான் பேசிட்டேன்னு எழுதிப்புடாதீக. நான் இன்னும் பேசல."

எப்போது பேசுவாய் என்று கேட்டேன். அது தனக்கும் மாரித்தாய்க்கும் உள்ளது என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தாள்.

அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டேன். உங்களுக்கு வேண்டுமென்றால் வேனைப் பழுதாக்கிக்கொள்ளுங்கள். எழுத வேண்டாம் என்று உங்களிடம் அவள் சொல்லவில்லை.